மணியை அவளே அடிக்கட்டும்: பெண் பிள்ளைகளோடு அமெரிக்காவில் முதல் ஹாலோவீன்

2013 அக்டோபர் 31, வியாழக்கிழமை. நியூ ஜெர்சிக்கு வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சனிக்கிழமை தீபாவளி என்பதால் அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. திறந்தால் ஒரு எலும்புக்கூடு, ஒரு தேனீ, தலையில் கோடரி செருகிய ஒரு பையன். மூவரும் ஒரே குரலில் ஏதோ கத்திவிட்டுப் பையை நீட்டினார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆளுக்கு இரண்டு முறுக்கைக் காகிதத்தில் சுற்றிப் போட்டேன். தேனீ மட்டும் நன்றி சொன்னது. அதற்கப்புறம் மணி ஓயவே இல்லை. ஏழு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, வாசலுக்குத் தெரியாமல் உள்ளறையில் உட்கார்ந்துவிட்டோம். அவள் கேட்டது ஒன்றுதான்: "நாம ஏம்மா ஒளிஞ்சிருக்கோம்?"

விளக்கை அணைத்தது சரியான காரியம் என்று பின்னால்தான் தெரிந்தது. வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும் என்பது இந்த நாட்டின் எழுதாத விதி. முறுக்குதான் தப்பு. வீட்டில் செய்த பலகாரத்தை முன்பின் தெரியாதவர்கள் தின்ன மாட்டார்கள். அத்தனையும் அன்றிரவே குப்பைக்குப் போயிருக்கும்.

அந்த மகளுக்கு இப்போது பதினாறு, தங்கைக்குப் பத்து. இத்தனை வருஷ ஹாலோவீன்களைப் பார்த்த பிறகு, புதிதாக வரும் பெண் பிள்ளை பெற்றோருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். இந்த ஒரு நாளில் ஒரு சிறுமி மூன்று காரியம் செய்கிறாள். தான் யாராக இருக்கப்போகிறோம் என்று தானே முடிவு செய்கிறாள். தெரியாத வீட்டு வாசலில் நின்று தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்கிறாள். இருட்டிய பிறகு தெருவில் சிரித்துக்கொண்டு நடக்கிறாள். நம்மில் பலர் பெண் பிள்ளைகளை இந்த மூன்றும் வேண்டாம் என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். ஆகவே இந்த ஒரு மாதமாவது எதை அவள் கையில் விடுவது, எதை நாம் பிடித்துக்கொள்வது என்று யோசித்துச் செய்தால் நல்லது.

முதலில், இது என்ன பண்டிகை?

நவம்பர் 1 கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாள். அதற்கு முந்தைய மாலை என்ற பொருளில் வந்ததுதான் ஹாலோவீன் என்ற பெயர். அதற்கும் பழைய வேர், அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களின் சம்ஹைன் என்ற அறுவடை முடிவு விழா. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அமெரிக்காவுக்கு வந்ததும் பெரிதாகவும் மலிவாகவும் கிடைத்த மஞ்சள் பூசணிக்கு மாறிவிட்டார்கள். ஊரில் கட்டுமான வேலை நடக்கும் வீட்டு முகப்பில், பல்லைக் காட்டும் முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. என் மாமியார் முதல் தடவை பார்த்துவிட்டு, "இவங்களும் கண்ணேறு கழிக்கிறாங்களா?" என்றுதான் கேட்டார்.

இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இது மதச் சடங்கு இல்லை, குழந்தைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் அக்கம்பக்கத்து விளையாட்டு. ஆனாலும் மத நம்பிக்கையின் காரணமாகக் கொண்டாடாத குடும்பங்கள் உண்டு, அமெரிக்கர்களிலும் உண்டு. நீங்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தை மகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் கேட்டால் அவள் கூச்சப்படாமல் பதில் சொல்ல அது உதவும்.

செப்டம்பர் கடைசி: வேஷம்

கடைகளில் ஆகஸ்ட் மாதமே வேஷ உடைகள் தொங்க ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் பையன்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருப்பார்கள். முதலில் எந்தப் பக்கமும் போகாமல் இரண்டுக்கும் நடுவில் நின்று பாருங்கள். பையன்கள் பக்கத்துத் தீயணைப்பு வீரர் உடைக்கு முழுக்கால் சட்டை, தொப்பி, குழாய் எல்லாம் இருக்கும். பெண்கள் பக்கத்தில் அதே தீயணைப்பு வீரர் பளபளக்கும் குட்டைப் பாவாடையோடு இருப்பார். அந்தப் பாவாடையோடு ஏணியில் எப்படி ஏறுவது என்று என் சின்ன மகள் ஆறு வயதில் கேட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்தது. பையன்கள் பக்கத்து உடையையே வாங்கினோம். ஒன்றும் குடிமுழுகவில்லை.

இதற்காக இளவரசி வேஷமே கூடாது என்று தடை போடாதீர்கள். நான் போட்டேன், அதுவும் அறிவாளித்தனமாக. 2014இல் 'ஃப்ரோஸன்' படத்தைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குப் பத்துப் பனி இளவரசிகள் திரிந்த காலம். மூத்தவளும் அதைத்தான் கேட்டாள். நானோ, "விண்வெளி வீராங்கனையாப் போ, கல்பனா சாவ்லா மாதிரி" என்று வற்புறுத்தி ஆரஞ்சு நிற உடை வாங்கி மாட்டிவிட்டேன். படத்தில் இன்றும் பார்க்கலாம்: உலகத்திலேயே சோகமான விண்வெளி வீராங்கனை. என் விருப்பத்தை அவள்மேல் மாட்டிவிட்டு அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறேன்! ஊர்ப் பள்ளி மாறுவேடப் போட்டியில் எனக்கு மீசை வரைந்து முண்டாசு கட்டிப் பாரதியார் ஆக்கிய என் அப்பாவின் அதே வேலை. அங்கே பரிசு வாங்குவதற்காக வேஷம், அதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். இங்கே அப்படி இல்லை.

அவள் சொல்லும் வேஷத்தை மறுப்பதற்கு முன்னால், "அதுல உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். இளவரசி என்பாள். கிளறினால், அந்த இளவரசி கையை நீட்டினால் பனி கொட்டும், அதுதான் பிடிக்கும் என்பாள். குழந்தைகள் வேஷத்தில் பெரும்பாலும் தேடுவது சக்தியைத்தான்.

வேஷத்துக்கும் மன உறுதிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். நாலு வயது, ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பான ஒரு வேலையைப் பத்து நிமிஷம் செய்யக் கொடுத்தார்கள். வேண்டும்போது எழுந்துபோய் விளையாடவும் அனுமதி உண்டு. பேட்மேன் மாதிரி யாராவது ஒரு பாத்திரமாகத் தங்களை நினைத்துக்கொண்டு, அதற்கேற்ற பொருளையும் அணிந்துகொண்ட குழந்தைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். எங்கள் வீட்டில் இதை நவம்பரிலும் பயன்படுத்துகிறோம். கணக்குப் பாடம் வரவில்லை என்று சின்னவள் அழுதால், வேஷ மேலங்கியைப் போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அதே 2017இல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஐந்து வயதில் பெண் குழந்தைகள் பெண்களையும் 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்று சொல்கிறார்கள். ஆறு, ஏழு வயதில் அப்படிச் சொல்வது குறைந்துவிடுகிறது. அதனால் விஞ்ஞானி, துப்பறிவாளர், மந்திரக் கிழவி என்று மூளையை நம்பி வாழும் பாத்திரங்களும் இருக்கின்றன என்பதை அந்த வயதில் காட்டி வைக்கலாம். நூலகத்தில் மே ஜெமிசன் பற்றிய படப் புத்தகம் கிடைக்கும். 1992இல் எண்டெவர் விண்கலத்தில் பறந்து, விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனவர் அவர். புத்தகத்தை மேசைமேல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என்னைப் போல உடை வாங்கிவிடாதீர்கள்.

நம் குழந்தைகளுக்கென்றே வரும் ஒரு சிக்கல் இனி. "நீ அந்த இளவரசியா வர முடியாது, உன் தலைமுடி கறுப்பு" என்று வகுப்பில் யாராவது ஒரு வாண்டு சொல்லும். அல்லது நல்ல எண்ணத்தோடே பெரியவர் ஒருவர், "நீ அந்த அரபு தேசத்து இளவரசியாப் போலாமே, உனக்குப் பொருந்துமே" என்பார். அன்றைக்கு அவள் முகம் வாடி வருவாள். "அதெல்லாம் கண்டுக்காதே" என்று நாம் சொன்னால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்ல ஒரு வாக்கியம் கொடுங்கள். எங்கள் வீட்டு வாக்கியம்: "வேஷம்னா வேற ஒருத்தரா மாறுறதுதானே. நீ நிஜமாவே டைனோசரா?" இதை ஆங்கிலத்தில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தோம். டைனோசர் வேஷம் போட்ட பையனிடம் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம் அபூர்வம்தான், ஆனாலும் கையில் இருக்கிறது என்ற தைரியம் வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்னொரு இனத்தாரின் உடையை வேடிக்கைப் பொருளாக மாட்டிக்கொள்வதும், தோலைக் கறுப்பாக்கிக்கொள்வதும் இங்கே பலரைப் புண்படுத்தும். அமெரிக்கப் பூர்வகுடியினரின் இறகுத் தொப்பி அந்த வகை. 'ஏன்?' என்று மகள் கேட்டால் விளக்க எனக்கு ஓர் உதாரணம் கையோடு கிடைத்தது. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். சின்னவள் பட்டுப் பாவாடையோடு வாசலில் நின்று மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் அம்மா, "அழகான காஸ்ட்யூம்! நீ யாராம்மா?" என்றார். "இது காஸ்ட்யூம் இல்ல, என் தீபாவளி டிரஸ். காஸ்ட்யூம் மாடியில இருக்கு" என்றாள். கோபமில்லை, தயக்கமும் இல்லை. அந்த அம்மா மன்னிப்புக் கேட்டார், இவள் கூடுதலாக ஒரு சாக்லேட் கொடுத்தாள்.

உடை வாங்கினாலும் தைத்தாலும் வீட்டில் ஒரு சோதனை வைத்துவிடுங்கள். ஓடு, குனி, இரண்டு கையையும் தூக்கு, படி ஏறு, தானே கழிப்பறைக்குப் போய் வா. கடைசியது மிக முக்கியம். முதுகுப்பக்க ஜிப் வைத்த முழு உடை மாட்டிய குழந்தை பள்ளிக் கழிப்பறையில் அழுதுகொண்டு நின்ற கதைகள் நிறைய உண்டு. அக்டோபர் கடைசி மாலையில் இங்கே பத்து டிகிரிக்குக் கீழேயும் போகும், எனவே உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உடை போடும் அளவுக்கு உடை தொளதொளவென்று இருக்கட்டும். பெண் குழந்தை உடைகளின் துணி மெலிசு, பை கிடையாது. ஒரு பை தைத்துக் கொடுத்தால் அந்தச் சந்தோஷமே தனி. முகமூடியைவிட முகச்சாயம் மேல், கண் மறைக்காது. முந்தின நாளே கையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பூனைக் கண், பாம்புக் கண் லென்ஸ்கள் அழகாக இருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதே இந்த நாட்டில் சட்டப்படி தவறு, கண்ணைக் கெடுத்துவிடும்.

அக்டோபர் நடுவில்: பூசணியும் கத்தியும்

பூசணித் தோட்டத்துக்குப் போய் அவளே பறித்து அவளே தூக்கி வரட்டும். "கனமா இருக்கும், அப்பா தூக்குவார்" என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். குடைவதற்கென்று சின்ன ரம்பம் போன்ற கத்தி மளிகைக் கடையிலேயே கிடைக்கும், சமையல் கத்தியைவிட அது பாதுகாப்பு. சின்னக் குழந்தை மார்க்கரால் முகம் வரையட்டும், கரண்டியால் உள்ளே வழிக்கட்டும். ஏழெட்டு வயது தாண்டினால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியை அவளிடம் கொடுங்கள். வெட்டும் திசையில் மற்றக் கை இருக்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

குடைந்தது ஒரு வாரத்துக்குள் அழுகத் தொடங்கும், ஆகவே 28, 29ஆம் தேதி குடைந்தால் சரி. விதையைக் கழுவி உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் அன்றிரவே காலி. அந்தப் பெரிய பூசணியில் சாம்பார் வைக்கலாமா என்று எல்லோரும் ஒரு தடவை முயன்று பார்ப்போம். நார்தான் மிச்சம். சமையலுக்குச் சின்ன இனிப்புப் பூசணி தனியாக விற்கும்.

கடைசி வாரம்: ஒத்திகை

ஆங்கிலம் இன்னும் நாக்கில் படியாத குழந்தைக்கு, கூச்ச சுபாவக் குழந்தைக்கு, இந்த வாரம்தான் முக்கியம். அவள் அறைக் கதவை வாசல் கதவாக்குங்கள். அவள் தட்ட வேண்டும், நீங்கள் திறக்க வேண்டும். "ட்ரிக் ஆர் ட்ரீட்" (மிட்டாய் தருகிறாயா, குறும்பு செய்யட்டுமா) என்று கேட்க வேண்டும், ஒன்று எடுக்க வேண்டும், கண்ணைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். அப்புறம் இடம் மாற்றி நீங்கள் தட்டுங்கள். நீங்கள் வேண்டுமென்றே முணுமுணுத்தால், "சத்தமாச் சொல்லும்மா" என்று அவளே அதட்டுவாள்.

இன்னும் மூன்று வாக்கியங்களையும் பழக்கினோம். "எனக்கு நிலக்கடலை ஒத்துக்காது, வேற இருக்கா?" "அதுக்குப் பதிலா இதை எடுத்துக்கலாமா?" "வேண்டாம், தேங்க் யூ." ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கும் இரண்டாவதும் மூன்றாவதும் தேவை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய் மூடி வருவதைத்தான் நாம் நல்ல பெண் என்று பாராட்டிப் பழகியிருக்கிறோம். விருப்பத்தைப் பணிவாகச் சொல்வதும் மரியாதைதான்.

அப்புறம் ஒரு நுணுக்கமான விஷயம். அமெரிக்கர் வீடுகளைவிட நம்மவர் வீடுகளில்தான் இது நடக்கும். "ஒரு டான்ஸ் ஆடிக் காட்டு, அப்பத்தான் மிட்டாய்" என்பார் ஓர் அங்கிள். "ஆன்ட்டிக்கு ஒரு முத்தம் குடு" என்பார் ஓர் ஆன்ட்டி. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஒரு பொருளுக்காக உடம்பால் யாரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை என்பதை அஞ்சு வயதில் பழகினால் பதினைந்தில் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 2017இல் அமெரிக்கப் பெண் சாரணர் அமைப்பு, பண்டிகைக் காலத்தில் மகள் யாரையும் கட்டிப்பிடிக்கக் கடமைப்பட்டவள் இல்லை என்று பெற்றோருக்கு நினைவூட்டியபோது இங்கேயே பெரிய விவாதம் எழுந்தது. எங்கள் வழி இது: அவள் "ஹை-ஃபைவ் தரட்டுமா?" என்று கேட்பாள். அங்கிள் முகம் சுருங்கினால் சமாளிப்பது என் வேலை. "இன்னிக்கு அவளுக்கு மூட் இல்லண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவளை விட்டுக்கொடுப்பது. "அவ இஷ்டம்ணே" என்றால் போதும்.

பள்ளி நாள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் வேஷ ஊர்வலம் இருக்கும், சில பள்ளிகளில் இருக்காது. முகமூடி, பொம்மைத் துப்பாக்கி, வாள், ரத்தச் சாயம் வேண்டாம் என்று பெரும்பாலும் கடிதம் வரும். அந்தக் கடிதத்தை அவசியம் படியுங்கள்.

அந்த மாலை

நியூ ஜெர்சியில் அக்டோபர் 30 இரவுக்கும் ஒரு பெயர் உண்டு: குறும்பு இரவு. பெரிய பையன்கள் மரத்தில் கழிப்பறைக் காகிதம் சுற்றுவார்கள், முட்டை எறிவார்கள். பூசணியை அன்று உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். புயல் சமாச்சாரமும் உண்டு. 2012இல் சாண்டி புயல் அடித்ததால் மாநில ஆளுநர் ஹாலோவீனையே நவம்பர் 5க்குத் தள்ளி வைத்தாராம். நாங்கள் வருவதற்கு முந்தின வருஷம்.

31ஆம் தேதி இங்கே ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். சின்னக் குழந்தைகள் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவார்கள். உங்கள் நகராட்சி நேரம் ஏதாவது குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள், தயிர்சாதமே போதும்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். பயத்தையும் நாம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 'மிட்டாயில் விஷம், ஊசி' என்று ஒவ்வொரு வருஷமும் வாட்ஸப்பில் வரும். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் இதைப் பல பத்தாண்டுகளாகத் துருவி வருகிறார், 1958 வரை பின்னோக்கிச் செய்திகளைப் புரட்டியவர். வீடு வீடாக வரும் குழந்தையை முகம் தெரியாத யாரோ இப்படி விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக ஒரு சம்பவத்தைக்கூட அவரால் உறுதிசெய்ய முடியவில்லை. 1974இல் டெக்சாஸில் சயனைடு கலந்த இனிப்புத் தூளைத் தின்று எட்டு வயதுப் பையன் இறந்தது உண்மை. கொடுத்தது, காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்த அப்பா.

நிஜமான ஆபத்து கார். 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை வைத்துப் பார்த்ததில், ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னுமான மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல். எனவே முதுகிலும் பையிலும் ஒளி பிரதிபலிக்கும் நாடா ஒட்டுங்கள். டார்ச்சை அவள் கையில் கொடுங்கள். தெருவின் ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு, முக்கில் கடந்து, மறுபக்கம் வாருங்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுதான் ஆபத்து. வீட்டு முன்பாதையில் பின்னோக்கி வரும் கார்களையும் பார்க்க வேண்டும். இதிலும் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம். "இப்ப கடக்கலாமா?" என்பதை அவள் பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் சரிபார்த்துத் தலையாட்டுங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அவளுக்குத் தெரு தெரியாது.

நடைபாதையில் நீங்கள் நில்லுங்கள். அங்கிருந்து வாசல் வரையிலான அந்தப் பதினைந்து அடியை அவள் தனியாக நடக்கட்டும். கதவு திறப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். விதிகள் இரண்டு: யார் கூப்பிட்டாலும் வீட்டுக்குள் போகக் கூடாது, மனசுக்குச் சரியாகப் படாத வாசலுக்குப் போக வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. இரண்டாவதை அவள் பயன்படுத்தும்போது நீங்கள் சிரித்துவிட்டால் போச்சு. மூத்தவள் ஐந்து வயதில், பொம்மைப் பிணம் எழுந்து உட்காரும் ஒரு வீட்டுக்குப் போக மாட்டேன் என்றாள். அவள் அப்பா, "ச்சீ, பொம்மைதானே, தைரியமாப் போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார். அன்றைய ஹாலோவீன் அந்த வாசலோடு முடிந்தது. அடுத்த வருஷம் அதே வீட்டுக்கு முன்னால் நின்று, "நான் இங்கேர்ந்தே பார்க்கிறேன்" என்றாள். சரி என்றோம். அதற்கடுத்த வருஷம் தானே ஓடினாள்.

இன்னொரு விஷயம், படம். நாம் எடுத்த உடனே ஊரில் உள்ள நாற்பது பேர் குழுவுக்குப் போய்விடும். அனுப்புவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு வயதிலும் கேட்கலாம்.

பத்து வயதுக்கு மேல்

பொதுவாகப் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பெரியவர் துணை வேண்டும் என்பது இங்கே சொல்லப்படும் கணக்கு. அதற்கு மேல் தோழிகளோடு தனியாகப் போகிறேன் என்று கேட்பாள். பையனாக இருந்தால் யோசிக்காமல் அனுப்பியிருப்போமா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். எந்தத் தெருக்கள், யார் யார், எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பு என்பதை அவளே எழுதிக் காட்டட்டும். அவள் போனில் இருக்கும் இடத்தைப் பார்ப்பதானால், பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒளிந்து பார்ப்பது தெரிந்தால் அடுத்த வருஷம் போனையே வீட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. எங்கேயாவது சங்கடமாக இருந்தால் மூத்தவள் எனக்கு ஓர் எழுத்து மட்டும் அனுப்புவாள். உடனே நான் போன் போட்டு, "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, வா" என்று அதட்டுவேன். பழி என்மேல், தோழிகளிடம் அவள் மானம் பத்திரம். வீட்டுக்கு வந்த பிறகு அன்றிரவு எந்தக் கேள்வியும் கிடையாது. இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது.

உடைப் பிரச்சினை இந்த வயதில் வேறு ரூபத்தில் வரும். பெரிய பெண்களுக்கான வேஷங்களில் நர்ஸ், போலீஸ், பூனை எல்லாமே ஒரே குட்டை உடைதான், தொப்பி மட்டும் வேறு. பதின்மூன்று வயதில் மூத்தவள் அப்படி ஒன்றைக் கேட்டபோது நான் சொன்ன முதல் வாக்கியம், "நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என் அம்மா என்னிடம் சொன்ன அதே நாலு பேர், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் கூடவே வந்திருந்தார்கள். அவள் அதை வாங்கவில்லை. என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவும் இல்லை.

மறு வருஷம் நான் வாயை மூடிக்கொண்டேன். கடையில் இரண்டு உடைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, "ஆம்பளை போலீசுக்கு ஏன் குளிருது, பொம்பளை போலீசுக்கு ஏன் வேர்க்குது?" என்று மட்டும் கேட்டேன். சிரித்துவிட்டாள். அதை வடிவமைத்தவர் யாரை மனதில் வைத்து வடிவமைத்தார், விற்பவருக்கு என்ன லாபம், மூன்று மணி நேரம் அதோடு நடக்க முடியுமா என்று பேச்சு தானாக நீண்டது. கடைசியில் அவள் எடுத்ததும் எனக்கு முழுசாகப் பிடித்த உடை இல்லை. ஆனால் ஏன் எடுத்தாள் என்று அவளால் சொல்ல முடிந்தது. யாராவது அந்த உடையைப் பற்றி அசிங்கமாகப் பேசினால் தப்பு பேசியவர்மேல்தான் என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால், ஏதாவது நடந்தாலும் நம்மிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.

மிட்டாய்க் குவியல்

வீட்டுக்கு வந்ததும் பையைத் தரையில் கொட்டி வகை பிரிப்பதுதான் குழந்தைகளுக்குத் திருவிழா. பிரித்த உறை, கிழிந்த உறை எல்லாம் குப்பைக்கு. சைவக் குடும்பமானால் உறையைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். கேண்டி கார்ன், மார்ஷ்மெல்லோ, இங்கே விற்கும் ஸ்டார்பர்ஸ்ட் ஆகியவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, ஸ்கிட்டில்ஸில் இல்லை. எட்டு வயதில் சின்னவளே பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் எத்தனை தின்னலாம் என்ற யுத்தம். அன்றிரவும் மறுநாளும் அவள் இஷ்டம், அதற்குப் பிறகு நாளுக்கு இரண்டு, எது எப்போது என்பது அவள் கணக்கு என்று விட்டுவிட்டோம். முதல் வருஷம் வயிற்றுவலி வந்தது. இரண்டாம் வருஷம் வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: "குண்டாயிடுவே" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள், பாட்டி வீடியோவில் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். பல்லுக்குக் கெடுதல், வயிறு வலிக்கும் என்பதெல்லாம் உண்மை, அதைச் சொன்னால் போதும். மிச்சத்தைச் சில பல் மருத்துவர்கள் எடைக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்திருந்தால், ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக மிட்டாய்க்குப் பதில் பென்சில், ஸ்டிக்கர் மாதிரி பொருள்கள் அங்கே இருக்கும். 2014 முதல் நாடெங்கும் பரவிய வழக்கம் இது. அடுத்த வருஷம் நாமும் வைக்கலாம் என்று சொன்னது மூத்தவள், இப்போது வண்ணம் அடிப்பது சின்னவள். ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் பெட்டியோடு போய் மற்றக் குழந்தைகளுக்காகக் காசு கேட்பது 1950இலிருந்து நடக்கிறது. தனக்குக் கேட்கக் கூச்சப்படும் குழந்தை பிறருக்கென்றால் உரக்கக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 1 காலையில் கடைகளில் வேஷ உடை பாதி விலைக்கு வந்துவிடும். அடுத்த வருஷத்துக்கு ஒரு அளவு பெரிதாக வாங்கி வைத்தால் லாபம் என்று தோன்றும். எங்கள் கார் கொட்டகையில் அப்படி வாங்கிய ஒரு தேனீ உடை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் ஆறு வருஷமாகத் தொங்குகிறது. அடுத்த அக்டோபர் வந்தபோது அவள் மீன்கொத்தி ஆகிவிட்டிருந்தாள்.